ஒரே கூடு... இரண்டு அலகு! கேமரூன் காட்டுக் குருவியின் ஆச்சரியக் கதை

கோரைப் புல்லின் மேல் இரண்டு குருவிகள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் ரத்தச் சிவப்பில் தலை, கன்னங்கரேலென்று வயிறு. ஒரே கூட்டில் பிறந்த அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஒன்றின் அலகு சற்றுச் சிறியது. மற்றதன் அலகு, குறடு போல அகன்று தடித்திருக்கிறது. வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். ஆனாலும் மழை நின்று காடு காயும் மாதங்களில், இந்த இரண்டும் எதைத் தின்று உயிர் பிழைக்கும் என்பதை அந்தச் சில மில்லிமீட்டர்தான் முடிவு செய்கிறது.

மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் வாழும் இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் 'பிளாக் பெல்லீட் சீட்கிராக்கர்' என்று பெயர். தமிழில் 'கருவயிற்று விதைநொறுக்கி' என்று சொல்லலாம். கைக்குள் அடங்கிவிடும் இந்தக் குருவியைப் பார்க்க, விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஒரு நதிக்கரைக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். அந்த நதிக்கரை இருப்பது கேமரூனில்.

இறால் நதியின் நாடு

கேமரூன் என்ற பெயர் வந்த கதையே சுவாரஸ்யமானது. 1472-ல் போர்ச்சுகீசிய மாலுமிகள் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது, ஊரி நதியின் முகத்துவாரத்தில் இறால் கொட்டிக் கிடந்ததாம். 'இறால்களின் நதி' என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். போர்ச்சுகீசிய மொழியில் இறாலைக் குறிக்கும் 'கமரோஸ்' என்ற சொல்தான் காலப்போக்கில் மருவி, ஒரு நாட்டுக்கே பெயராகிவிட்டது.

கடற்கரை, எரிமலை, மழைக்காடு, புல்வெளி, வடக்கே போனால் வறண்ட நிலம் என எல்லாம் ஒரே நாட்டுக்குள் இருப்பதால், கேமரூனை 'குட்டி ஆப்பிரிக்கா' என்று அழைப்பார்கள். இந்தக் கதைக்கு அதில் இரண்டு துண்டுகள் முக்கியம். ஒன்று தெற்கே இருக்கும் மழைக்காடு. இன்னொன்று, அந்தக் காடு மெல்ல மெல்லப் புல்வெளியாக மாறும் நடுப்பகுதி.

தலைநகர் யாவுண்டே மலைக் குன்றுகளின் மேல் பரந்து கிடக்கும் ஊர். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருந்தும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் அவ்வளவாகக் கொளுத்தாது. அங்கிருந்து கிழக்கே போகும் சாலையில் இரண்டு பக்கமும் செம்மண், வாழை, கோகோ தோட்டங்கள். மரவள்ளிக்கிழங்கை ஊற வைத்து, புளிக்க வைத்து, அரைத்து, இலையில் நீளமாகச் சுற்றி வேக வைக்கும் 'போபோலோ' இந்தப் பக்கத்தின் கட்டுச்சோறு. மீனோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள்.

நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயணம் செய்தால் அகோனோலிங்கா வரும். நியோங் நதிக்கரை ஊர். மேல்நியோங் பகுதியில் நதிக்கு அவசரமே கிடையாது. நிலம் ஏறக்குறைய சமதளம் என்பதால் தண்ணீர் பரந்து, தேங்கி, பெரிய பெரிய சதுப்புகளை உண்டாக்கிவிட்டுத்தான் அட்லாண்டிக் கடலை நோக்கி நகர்கிறது. அந்தச் சதுப்புகளில் முளைக்கும் கோரைதான் நம் கதாநாயகனின் சோற்றுத்தட்டு.

சிவப்புத் தலை... இரும்பு அலகு

விதைநொறுக்கி ஏறக்குறைய நம் ஊர்ச் சிட்டுக்குருவி அளவு இருக்கும். ஆணுக்குத் தலை, மார்பு, வால் எல்லாம் அடர் சிவப்பு. மற்ற இடம் கறுப்பு. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் பழுப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர் நிறத்தில் சின்னப் பிறை. அலகு நீலம் கலந்த கறுப்பில், தீட்டிய இரும்பு போல.

இவ்வளவு அழகாக இருந்தும், எளிதில் கண்ணில் படாது. கூச்ச சுபாவம். தரையோடு தரையாக, புதருக்குள்ளேயே வாழ்க்கையை ஓட்டிவிடும். ஈரமான காட்டோரம், ஓடைக்கரை, சதுப்பு ஆகியவைதான் அதன் வீதிகள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பந்து போல உருண்டையாகக் கூடு கட்டும். வாசல் பக்கவாட்டில்.

தமிழ்நாட்டில் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. வயல் வரப்பிலும் சோளக்காட்டிலும் கூட்டமாக வந்து இறங்கும் சில்லைகள், அதாவது தினைக்குருவிகள், இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. புல் விதையைப் பொறுமையாக உமி நீக்கித் தின்னும் பழக்கம் இந்தக் குடும்பத்தின் சொத்து. ஆப்பிரிக்க விதைநொறுக்கி அந்தத் தொழிலில் ஒரு படி மேலே போய், மற்றவர்கள் தொடத் தயங்கும் கடினமான விதைகளுக்குக் குறி வைத்துவிட்டது.

ஒரு பறவையா, இரண்டு பறவையா?

இதன் அலகு பறவையியல் அறிஞர்களை ரொம்ப நாள் குழப்பியது. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சாப்பின், 1909 முதல் 1915 வரை காங்கோ காடுகளில் அலைந்து திரிந்தவர். ஆப்பிரிக்காவிலும் ஒரு மயில் இனம் உண்டு என்று 1936-ல் உலகத்துக்குச் சொன்னவரும் அவர்தான். ஒரு தொப்பியில் செருகியிருந்த ஒற்றை இறகை வைத்தே அந்த மயிலை அவர் தேட ஆரம்பித்தார். அத்தனை கூர்மையான கண்!

அந்தக் கண்ணுக்கு விதைநொறுக்கிகள் தப்பவில்லை. அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை வரிசையாக வைத்து அளந்து பார்த்த சாப்பின், இந்தப் பறவைகளின் அளவு வேறுபாட்டைப் பற்றி 1924-ல் விரிவாக எழுதினார். நிறம் ஒன்று, இறகு ஒன்று. அலகு மட்டும் வேறு வேறு. அப்படியானால் இவை தனித்தனி இனங்களா? ஒரே இனத்தின் இரண்டு சாயல்களா?

செத்த பறவையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும் பறவை யாரோடு ஜோடி சேர்கிறது, எதைத் தின்கிறது, எத்தனை நாள் வாழ்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

வலையும் வளையமும்

1980-களில் தாமஸ் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெற்கு கேமரூனுக்கு வந்தார். நியோங் நதிக்கரையில் என்டிபி என்ற கிராமத்தை ஒட்டிய பகுதிதான் அவரது முக்கியமான ஆய்வுக் களம்.

வேலை கேட்பதற்கு எளிமையானது, செய்வதற்குப் பெரும்பாடு. புதர்களுக்கு இடையே மெல்லிய வலையைக் கட்ட வேண்டும். சிக்கும் பறவையைக் காயம் படாமல் எடுக்க வேண்டும். அலகை அளந்து, காலில் அடையாள வளையம் மாட்டி, பறக்க விட வேண்டும். அடுத்த மாதமும், அடுத்த வருடமும் அதே வேலை. முன்பு மாட்டிய வளையத்தோடு திரும்பச் சிக்கும் பறவை, 'நான் இன்னும் இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. வராமல் போனவற்றில் பல, இறந்து போனவை.

அளவுகள் சேரச் சேர, ஒரு விநோதம் புலப்பட்டது. ஒரு வகுப்புப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினால், ரொம்பக் குட்டையும் ரொம்ப நெட்டையும் சிலர்தான் இருப்பார்கள். நடுத்தர உயரத்தில்தான் கூட்டம். உயிரினங்களில் பெரும்பாலான அளவுகள் அப்படித்தான் அமையும். இந்தக் குருவிகளின் அலகு அப்படி இல்லை. சிறிய அலகு ஒரு கூட்டம், பெரிய அலகு ஒரு கூட்டம். நடுவில் ஏறக்குறைய வெற்றிடம்!

ஆண், பெண் என்ற வித்தியாசமா? அதுவும் இல்லை. இரண்டு பாலிலும் இரண்டு அலகும் உண்டு. சிறிய அலகு ஆண், பெரிய அலகு பெண்ணோடு கூசாமல் ஜோடி சேர்கிறது. துணையைத் தேர்ந்தெடுக்கும்போது அலகு அளவை இவை பொருட்படுத்துவதே இல்லை. ஆக, இது ஒரே இனம்தான். ஒரே ஊர், ஒரே குடும்பம், இரண்டு அலகு.

இரண்டு கோரை, இரண்டு கணக்கு

ரகசியம் கோரையில் இருந்தது. பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் கோரையின் தூரத்துச் சொந்தங்கள் இந்தச் சதுப்புகளில் வளர்கின்றன. 'ஸ்கிளீரியா' என்பது அந்த வகையின் பெயர். இலையின் ஓரம் கத்தி மாதிரி. கவனிக்காமல் கை வைத்தால் கீறிவிடும். விதை சின்ன மணி மாதிரி பளபளக்கும்.

ஸ்கிளீரியாவில் இரண்டு இனங்கள் இந்தக் குருவிகளுக்கு முக்கியம். ஒன்றின் விதை மெல்லிய ஓடு கொண்டது. மற்றதன் விதை படு கடினம். முதல் விதையை உடைக்கத் தேவைப்படும் விசையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு விசை இரண்டாவதற்கு வேண்டும். வேர்க்கடலைக்கும் பாக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சிறிய அலகுக் குருவி மெல்லிய விதையைச் சடசடவென்று உடைத்துத் தள்ளும். கடினமான விதை கிடைத்தால் திணறும். பெரிய அலகுக் குருவிக்குக் கடினமான விதை அத்துப்படி. 1987-ல் 'நேச்சர்' இதழில் ஸ்மித் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான். ஒரே இனத்துக்குள்ளேயே அலகுக்கு ஏற்ப இரண்டு சாப்பாட்டு முறைகள் உருவாகியிருக்கின்றன.

பஞ்சம் வந்தால்தான் தெரியும்

ஆனால், வருடம் முழுக்க இந்தப் பிரிவினை கிடையாது என்பதுதான் அழகு.

தெற்கு கேமரூனில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் ஜூன் வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. விதை மலிந்து கிடக்கும் காலத்தில் சிறிய அலகும் பெரிய அலகும் மெல்லிய விதையையே நாடுகின்றன. சுலபமாக உடைவதை விட்டுவிட்டு யார் கஷ்டப்படுவார்கள்? அந்த நாட்களில் எல்லோருக்கும் ஒரே பந்தி.

மழை நின்று, மெல்லிய விதை தீர்ந்து போகத் தொடங்கும்போது பந்தி கலைகிறது. பெரிய அலகுக் குருவிகள் கடினமான கோரை விதைக்கு மாறிக்கொள்கின்றன. சிறிய அலகுக் குருவிகள், மிச்சம் மீதி மெல்லிய விதையையும் வேறு சில சிறு விதைகளையும் தேடி அலைகின்றன. ஒருவர் தட்டில் ஒருவர் கை வைக்காமல் பஞ்ச மாதங்களைக் கடக்கிறார்கள்.

நடுத்தர அலகோடு பிறந்துவிட்ட குஞ்சின் பாடுதான் திண்டாட்டம். கடின விதையை உடைக்க அதற்குப் பலம் போதாது. மெல்லிய விதையைக் கையாளும் வேகத்தில் சிறிய அலகோடு போட்டி போடவும் முடியாது. வளையம் மாட்டிய இளம் பறவைகளை ஸ்மித் தொடர்ந்து கவனித்ததில், பிழைத்துத் திரும்பியவற்றில் இரண்டு கூட்டத்தின் அளவுக்கும் பொருந்தியவையே அதிகம். இடைப்பட்டவை குறைந்துகொண்டே போயின.

கண்ணுக்கு முன்னால் பரிணாமம் நடப்பதைக் காட்டும் அபூர்வமான சாட்சி இது. பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவி அலகுகளை அளந்து புகழ்பெற்றவர்கள். அதே பாணியில் ஒரு கதை, ஆப்பிரிக்க மழைக்காட்டின் சேற்றிலும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

அப்பா அலகு... அம்மா அலகு

இங்கே ஒரு கேள்வி வரும். சிறிய அலகும் பெரிய அலகும் ஜோடி சேர்ந்தால், பிள்ளைக்கு நடுத்தர அலகுதானே வாய்க்க வேண்டும்? வெள்ளையும் கறுப்பும் கலந்தால் சாம்பல் வருவதுபோல? அப்படி நடந்தால், கலப்பு ஜோடியின் குஞ்சுகள் எல்லாம் பஞ்சத்தில் செத்துப்போகுமே?

இதற்கு விடை தேட, பறவைகளைக் கூண்டில் வளர்த்து, ஜோடி சேர்த்துப் பார்த்தார் ஸ்மித். முடிவு 1993-ல் அதே 'நேச்சர்' இதழில் வெளியானது. அலகின் அளவு, ஒரே ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களைப் பொறுத்தது போலவே குஞ்சுகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு குஞ்சுக்கும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டில் ஒன்று 'பெரிது' என்றிருந்தால் போதும், அலகு பெரிதாகிவிடும். இரண்டுமே 'சிறிது' என்றால் மட்டுமே சிறிய அலகு.

அதனால், சிறிய அலகுப் பெற்றோருக்குச் சிறிய அலகுப் பிள்ளைகள் மட்டுமே. பெரிய அலகுப் பெற்றோர் இருவருக்குள்ளும் 'சிறிது' ஒளிந்திருந்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு சிறிய அலகோடு பிறக்கும். பள்ளிப் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குப் படிக்கும் அதே கணக்கு!

கலந்து சாம்பலாகாமல், ஏதாவது ஒரு பக்கம் நிற்கும் இந்த ஏற்பாடுதான் கலப்பு ஜோடியின் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது. யாரோடு வேண்டுமானாலும் குடும்பம் நடத்தலாம். பிள்ளைக்கு வாய்ப்பது பெரும்பாலும் பிழைக்கத் தெரிந்த இரண்டு அலகில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நாய்க்குட்டியும் குருவியும்

அந்த மரபணு எது? அதைக் கண்டுபிடிக்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது. பிரிட்ஜெட் வான்ஹோல்ட், ஸ்மித் உள்ளிட்ட குழுவினர் விதைநொறுக்கிகளின் டி.என்.ஏ-வை வாசித்து, 2018-ல் பதில் சொன்னார்கள். அலகின் அளவோடு தொடர்புள்ளதாக அவர்கள் கண்டது ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி மரபணு.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாய் ஆய்வாளர்களுக்கு இது ஏற்கெனவே பரிச்சயமான பெயர். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் குட்டி நாய் இனங்கள் ஏன் அவ்வளவு சிறியவை என்ற கேள்விக்கு, 2007-ல் கிடைத்த விடையிலும் இதே மரபணு இருந்தது. நாயில் உடல் அளவோடு சம்பந்தப்பட்டது, இந்தக் குருவியில் அலகு அளவோடு சம்பந்தப்பட்டிருக்கிறது.

காட்டின் ஓரத்தில் ஒரு மூன்றாவது அலகு

கதை இங்கே முடிந்துவிடவில்லை. தெற்கிலிருந்து வடக்கே போகப் போக மழைக்காடு ஒரே அடியாக நின்றுவிடாது. முதலில் காட்டுக்கு நடுவே புல்வெளித் திட்டுகள் தோன்றும். பிறகு புல்வெளிக்கு நடுவே காட்டுத் திட்டுகள். இந்த இடைநிலப் பகுதியில் இன்னும் பெரிய அலகு கொண்ட விதைநொறுக்கிகள் இருக்கின்றன. 'மெகா' என்று அவற்றுக்குப் பட்டப்பெயர். அங்கே வளரும் வேறொரு ஸ்கிளீரியாவின் விதை, நியோங் கரையின் கடின விதையைவிடவும் கடினம். அதை உடைக்கத்தான் அந்த ராட்சத அலகு.

அதாவது, காட்டின் ஓரம் ஒரு புது வடிவத்தைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஸ்மித்தும் அவர் சகாக்களும் வேறொரு சிறு பறவையை வைத்து, 1997-ல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மழைக்காட்டில் உயிர்வகைகள் பெருகுவதற்கு, காடும் புல்வெளியும் சந்திக்கும் இந்த எல்லைப் பகுதிகள் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

கவலையும் இங்கேதான். காட்டைக் காப்பாற்றுவது என்றதும், அடர்ந்த நடுக்காட்டுக்குத்தான் முதலில் வேலி போடத் தோன்றும். ஓரத்தில் இருக்கும் திட்டுத் திட்டான காட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மாடு மேய்வதும், புல்லுக்குத் தீ வைப்பதும், விறகு வெட்டுவதும் அங்கேதான் அதிகம். அங்கே வாழும் மக்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும், மாடு பிழைக்க வேண்டும் என்பதால், யாரையும் குறை சொல்லித் தீர்த்துவிடக்கூடிய விஷயமும் இல்லை இது.

விதைநொறுக்கி இப்போதைக்கு அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து உகாண்டா, ஜாம்பியா வரை பரவியிருக்கிறது. ஆனால், இனம் பிழைத்திருந்தாலே அதற்குள் இருக்கும் எல்லா வடிவங்களும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரக்காடும் அந்தக் கடினக் கோரையும் போய்விட்டால், மெகா அலகுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடும்.

போக நினைப்பவர்களுக்கு...

கேமரூனுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள். மலேரியாவுக்கான முன்னெச்சரிக்கை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. யாவுண்டே பக்கம் பிரெஞ்சு மொழிதான் அதிகம் புழங்கும். மழை குறைந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செம்மண் சாலைகளில் போவது சுலபம். குருவிகளுக்கு அதுதான் சோதனைக் காலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நியோங் கரையில் புதருக்குள் ஓர் உருண்டைக் கூடு. உள்ளே குஞ்சுகள் வாயைத் திறந்து இரைக்குக் கத்துகின்றன. அப்பாவுக்குப் பெரிய அலகு, அம்மாவுக்குச் சிறிய அலகு. யார் எதைக் கொண்டு வந்தாலும் குஞ்சுகளுக்கு அது சாப்பாடுதான். இன்னும் சில வாரங்களில் அவை கூட்டை விட்டுப் பறக்கும். மழை நிற்கும். மெல்லிய விதை தீரும்.

அன்றைக்கு ஒன்று கடினக் கோரையைத் தேடிப் போகும். கூடப்பிறந்த இன்னொன்று எதிர்ப்பக்கம் போகும். அடுத்த மழைக்குப் பிழைத்துக் கிடந்தால், இரண்டும் மறுபடி ஒரே பந்தியில் உட்காரும்.